சீலிங்ல எலி: இன்சூரன்ஸும் தராது, லோனும் போடாதீங்க

மாடியில தகர ஷீட் போட்டு, அதுக்குக் கீழே தெர்மாகோல் சீலிங் அடிச்ச ரூம் சங்கரன்கோவில் பக்கம் ரொம்ப சகஜம். நம்ம ஊர் வெயில் அப்படி. பையனோ பொண்ணோ சென்னை, பெங்களூருன்னு வேலைக்குப் போனதும் ஊர்ல அப்பா அம்மாவுக்காகக் கட்டுற முதல் ரூமும் பல வீட்டுல இதுதான். ரெண்டு வருஷம் கழிச்சு அந்த சீலிங்குக்குள்ள எலி குடும்பம் நடத்த ஆரம்பிக்கும். அப்புறம் ஊர்லேருந்து ஃபோன் வரும்: "மொத்தத்தையும் பிரிச்சுட்டுப் புதுசா அடிக்கணுமாம்ப்பா, எழுபதாயிரம் கேக்குறாங்க."

உடனே நம்ம மனசுல ஓடுற கேள்வி மூணு. இன்சூரன்ஸ்ல கிடைக்குமா? டாக்ஸ்ல கழிக்கலாமா? பெர்சனல் லோன் போட்டுடலாமா? ஒரு ஆடிட்டரா மூணுக்கும் என் பதில் கிட்டத்தட்ட "இல்லை"தான். அதைவிட முக்கியமான விஷயம், அந்த எழுபதாயிரத்தைச் செலவு பண்ற வரிசையே தலைகீழா இருக்கு.

முதல்ல இன்சூரன்ஸ். 2021 ஏப்ரல் 1 முதல் ஐஆர்டிஏஐ சொன்னபடி பொது இன்சூரன்ஸ் கம்பெனிகள் 'பாரத் கிருஹ ரக்ஷா'ங்கிற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியைத் தர்றாங்க. நல்ல பாலிசி, எடுக்கச் சொல்லித்தான் நானும் சொல்வேன். ஆனா அது எந்தெந்த ஆபத்துக்குப் பணம் தரும்னு பேர் சொல்லிப் பட்டியல் போட்ட பாலிசி. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், தண்ணித் தொட்டி உடையறது, இப்படிப் போகும் அந்தப் பட்டியல். அதுல எலி இல்லை. கடிச்ச தெர்மாகோலுக்கும், நாறிப்போன ஃபாயில் ஷீட்டுக்கும் ஒரு பைசா வராது.

ஆனா இங்கே ஒரு நுணுக்கம் இருக்கு. சீலிங்குக்கு மேலே போற வயரோட தோலையும் எலி கடிக்கும். ஷார்ட் சர்க்யூட்ல அந்த வயரோ, அதுல ஓடுற ஃபேனோ மட்டும் கருகினா அதுக்கு க்ளெயிம் கிடையாது. அந்தத் தீ பரவி ரூம் எரிஞ்சா, பரவின சேதத்துக்கு பாலிசி பணம் தரும். தெர்மாகோல் சீக்கிரம் பத்திக்கிற சாமான். அதனாலதான் எலி புகுந்த வீட்டுல முதல் ரூபாய் சீலிங்குக்குப் போகக் கூடாது, எலக்ட்ரீஷியனுக்குப் போகணும்னு சொல்றேன். கடிபட்ட வயரை மாத்தி பைப்புக்குள்ள விடச் சொல்லுங்க. வீட்டுல ஆர்சிசிபி இல்லைன்னா அதையும் அப்பவே மாட்டிடுங்க.

இன்னொண்ணு. பாலிசி எடுக்கும்போது கீழ் வீட்டை மட்டும் சொல்லிட்டு மாடி ஷீட் ரூமை விட்டுடாதீங்க. வீடு அப்பா பேர்ல இருந்தா பாலிசியும் அப்பா பேர்லதான் இருக்கணும். பிரீமியம் நீங்க கட்டுங்க, தப்பில்லை.

ரெண்டாவது செலவு ஓட்டை அடைக்கிறது. எலி நுழைய அரை அங்குல ஓட்டை போதும், சுண்டெலிக்குக் கால் அங்குலமே தாராளம். ஷீட்டோட வளைவும் சுவரும் சேர்ற இடத்துல வரிசையா இடுக்கு இருக்கும் பாருங்க, அதுதான் வாசல். தெர்மாகோல், ஃபோம் எதை வெச்சு அடைச்சாலும் கடிச்சுடும். கம்பி வலை வெச்சு சிமெண்ட் பூசணும். கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. இதைச் செய்யாம புது சீலிங் அடிச்சா, பழைய எலிக்குப் புது வீடு கட்டித் தர்றோம்னு அர்த்தம். சங்கரநாராயணர் கோவில் உண்டியல்ல பாம்பு, தேள் உருவம் வாங்கிப் போடுறது நம்ம ஊர் வழக்கம். எலி இருக்கிற இடத்தைத் தேடித்தான் பாம்பு வருது, அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

பழைய சீலிங்கைப் பிரிக்கும்போது காஞ்ச புழுக்கையை அப்படியே பெருக்க வேண்டாம். மாஸ்க், கிளவுஸ் போட்டு, ப்ளீச்சிங் கரைசல் தெளிச்சு ஊறவிட்டு அள்ளணும். எலி மூத்திரத்துலேருந்து எலிக்காய்ச்சல் வரும், கால்ல சின்னப் புண் இருந்தாலே போதும்.

மருந்து விஷயத்துலதான் எனக்கு உண்மையிலேயே பயம். 2024 நவம்பர்ல சென்னை பக்கம் குன்றத்தூர்ல, ஒரு பேங்க் ஊழியர் வீட்டுல எலி மருந்து வெச்சதுக்கு அப்புறம் ரெண்டு குழந்தைங்க இறந்துபோனாங்க. நம்மள மாதிரி சம்பளக்கார வீடுதான். காசு கொடுத்து ஆள் கூப்பிட்டு வெச்ச மருந்துதான் அது. வயசானவங்களும் குழந்தைங்களும் தூங்குற வீட்டுக்குள்ள என்ன மருந்து, எங்கே, எத்தனை நாள்னு கேட்டு எழுதி வாங்காம யாரையும் வைக்க விடாதீங்க. என்னைக் கேட்டா வீட்டுக்குள்ள எலிப்பொறியே போதும். நாலு பொறி கூட வாங்கினாலும் பெரிய செலவில்லை.

டாக்ஸ். நாமளே குடியிருக்கிற வீட்டு ரிப்பேர் செலவுக்குக் கழிவு எதுவும் கிடையாது. வாடகைக்கு விட்ட வீடுன்னா, வாடகையில (நீங்க கட்டின வீட்டு வரி போக) 30 சதவீதம் நிலைக்கழிவு, நீங்க செலவு பண்ணாலும் பண்ணலேன்னாலும் அதேதான். ரிப்பேருக்கு வாங்கின கடனோட வட்டியைப் பழைய வரிமுறையில வருஷம் 30,000 ரூபாய் வரை கழிக்கலாம், ஆனா வீடு உங்க பேர்ல இருக்கணும். அப்பா பேர்ல வீடு, உங்க பேர்ல லோன்னா அதுவும் போச்சு. புது வரிமுறையில இருக்கிறவங்களுக்கு, குடியிருக்கிற வீட்டுக்கு இந்தக் கழிவே இல்லை.

சரி, லோன் கணக்கைப் பார்ப்போம். 70,000 ரூபாய், 15 சதவீத வட்டி, 24 மாசம்னு வெச்சுக்கோங்க. இஎம்ஐ சுமார் 3,394. வட்டி மட்டும் 11,450 ரூபாய் பக்கம் வரும், பிராசஸிங் ஃபீஸ் தனி. அந்த வட்டிக் காசே கொத்தனார் கூலிக்கும் கம்பி வலைக்கும் போதுமா இருக்கலாம்.

அதனால ஒரே கொட்டேஷனா வாங்காதீங்க. வயரிங், ஓட்டை அடைப்பு, சீலிங் மூணுக்கும் தனித்தனியா விலை கேளுங்க. முதல் ரெண்டையும் இந்த மாசச் சம்பளத்துலயே முடிச்சுடுங்க. வெயில் தாங்கலைன்னா ஷீட் மேல வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடிக்கலாம், அதுக்குள்ள எலி கூடு கட்ட முடியாது. பல ரூமுக்கு அதுக்கப்புறம் சீலிங்கே தேவைப்படாதுங்கிறது என் அபிப்பிராயம். அப்பவும் வேணும்னா, சுவரோரம் கொஞ்சம் மாவு தூவி வெச்சு ஒரு மாசம் பார்க்கச் சொல்லுங்க. கால் தடம் விழலைன்னா சீலிங்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம்.