சாவி கைமாறும் முன்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் கட்டுமானத் துறையைத் தரவுகளின் துணையோடு கண்காணிக்கத் தொடங்கியதற்கு இரண்டு கட்டடங்கள் காரணம். சிட்னி ஒலிம்பிக் பூங்காவில் 36 மாடிகளுடன் எழுந்த ஓபல் டவரில் 2018 டிசம்பர் 24 அன்று விரிசல் ஏற்பட்டது. குடியேறிச் சில மாதங்களே ஆகியிருந்தவர்கள் அன்றே வெளியேற்றப்பட்டனர். அடுத்த ஜூனில், 132 வீடுகள் கொண்ட மாஸ்கட் டவர்ஸும் காலி செய்யப்பட்டது. குடியிருக்க முடியாத வீட்டுக்கு அதன் உரிமையாளர்கள் ஆண்டுக்கணக்கில் வங்கித் தவணை கட்டினார்கள்.

அதுவரை அரசிடம் தகவல் இல்லாமல் இல்லை. அது சிதறிக் கிடந்தது. திட்ட அனுமதி உள்ளாட்சியிடம், நிறுவனப் பதிவு மத்திய அரசிடம், குடியிருப்போர் புகார் நுகர்வோர் துறையிடம். கட்டடம் சரியாக இருக்கிறது என்று சான்றளித்த தனியார் சான்றாளருக்குக் கட்டணம் கொடுத்தவரோ, பெரும்பாலும் அதைக் கட்டி விற்றவர். ஒரு திட்டத்துக்கென்று நிறுவனம் தொடங்கி, வீடுகள் விற்றதும் அதைக் கலைத்துவிட்டு, வேறு பெயரில் அடுத்த மனையில் அஸ்திவாரம் தோண்டுவோரைப் பிடிப்பது கடினமாக இருந்தது. நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்க்கும் பதிவேட்டில் அவர்கள் ஒவ்வொரு முறையும் புதியவர்கள்.

2019 ஆகஸ்டில் டேவிட் சாண்ட்லர் மாநிலக் கட்டட ஆணையராக நியமிக்கப்பட்டார். 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் அவருக்கு முக்கியமான ஒரு தரவைத் தந்தது. அடுக்குமாடி கட்டுவோர், கட்டடத்தில் குடியேற அனுமதிக்கும் குடியேற்றச் சான்று கோருவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதம் முன்பே அரசுக்கு அறிவிக்க வேண்டும். முடியும் தறுவாயில் உள்ள கட்டடங்களின் பட்டியல் இப்படித்தான் அரசின் கைக்கு வந்தது. கட்டுநரின் முந்தைய வேலைகள், இயக்குநர்களின் பழைய நிறுவனங்கள், வந்த புகார்கள் ஆகியவற்றை அதோடு சேர்த்துப் பார்த்தால், கையில் உள்ள சில ஆய்வாளர்களை எந்த மனைக்கு முதலில் அனுப்புவது என்பது தெளிவாகும். 2021 ஜூலை முதல், முக்கிய வடிவமைப்பு வரைபடங்களையும் வேலை தொடங்கும் முன்பே இணையத்தில் பதிவேற்ற வேண்டும் என்றானது. வரைபடத்தில் இருப்பதும் தளத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஆய்வாளர் நேரில் ஒப்பிடலாம்.

பட்டியலுக்குப் பல் கொடுத்தது தடை அதிகாரம். கடுமையான குறை தெரிந்தால் குடியேற்றச் சான்றையே ஆணையர் நிறுத்திவைக்கலாம். சான்று இல்லாவிட்டால், வீடு வாங்கியவரிடமிருந்து மீதித் தொகை வராது. கட்டுநரின் கடனுக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போகும். வழக்குமன்றத்தில் ஆண்டுகள் இழுக்கும் அபராதத்தைவிட இந்த வட்டிதான் கட்டுநரை வேகமாகத் திருத்துகிறது. இந்த அதிகாரம் இல்லாத இடத்தில் எவ்வளவு நுட்பமான பகுப்பாய்வும் கோப்பாகவே தங்கிவிடும்.

நிறுவனத்தை விட்டு அதன் பின்னால் உள்ள ஆட்களைப் பார்க்கும் மதிப்பீட்டு முறை ஒன்றும் வந்தது. கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் நடத்தும் ஐசர்ட், இயக்குநர்களின் வரலாறு, நிதிநிலை, முடித்த வேலைகள் ஆகியவற்றை ஆராய்ந்து நட்சத்திரம் வழங்குகிறது. ஆனால் அது விருப்பத்தின் பேரில் நடப்பது. நல்லவர்கள் தாமாக வருவார்கள். எவரை மதிப்பிட வேண்டுமோ அவர் ஒதுங்கிக்கொள்வார். இந்த ஓட்டையை அடைக்காமல் முறை முழுமை பெறாது.

இன்னொரு சிக்கல் புகார்களிலேயே இருக்கிறது. 2021-ல் வெளியான ஆய்வில், கணக்கெடுக்கப்பட்ட அடுக்குமாடிகளில் 39 சதவீதம் கடுமையான குறைகளைச் சந்தித்திருந்தன. அதிகம் காணப்பட்டது குளியலறையிலும் பால்கனியிலும் நீர் கசிவது போன்ற நீர்த்தடுப்புக் கோளாறு. வெளியே சொன்னால் வீட்டின் விலை சரியும் என்று அஞ்சி உரிமையாளர்கள் பலர் இதை மறைக்கிறார்கள். ஆகவே புகார் வராத கட்டடத்தை நல்ல கட்டடம் என்று கணக்கில் எடுத்தால் கணக்கே தவறும். சோதிக்க வேண்டிய கட்டடங்களில் ஒரு பங்கைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பது இதற்கு நேர்மையான மருந்து: தரவு தவறவிட்டவை அப்போதுதான் வெளிப்படும்.

2023 டிசம்பரில் கட்டட ஆணையம் தனி அமைப்பானது. தனி வீடுகளின் கட்டுமானத்தையும் சோதிக்கும் அதிகாரம் இப்போது அதற்கு உண்டு. சிறு ஒப்பந்தக்காரர்களும் கட்டும் அந்த வீடுகளுக்கு, அடுக்குமாடிகளைப் போல முன்னறிவிப்புப் பட்டியல் கிடையாது.