பிரதி எங்கே இருக்கிறது?

2021 ஜூலை 3, சனிக்கிழமை. சுவீடனின் கூப் சுப்பர்மார்க்கட் நிறுவனம் தனது சுமார் 800 கடைகளில் பெரும்பாலானவற்றைத் திறக்கவில்லை. தட்டுகளில் பொருட்கள் இருந்தன. காசாளர் இயந்திரங்கள்தான் இயங்கவில்லை. இத்தனைக்கும் கப்பம் கேட்ட கும்பல் கூப்பின் கணினிகளைக் குறிவைக்கவில்லை. அந்த இயந்திரங்களைப் பராமரித்த ஒப்பந்த நிறுவனம், கசேயா என்ற வேறொரு நிறுவனத்தின் மென்பொருளைப் பயன்படுத்தியது. கும்பல் அதன் வழியாகத்தான் நுழைந்தது.

சொந்தக் கணினி அறையை மூடிவிட்டு, பல நிறுவனங்கள் வாடகைக்கு இருக்கும் தரவு நிலையத்துக்கு ஒரு கடைச் சங்கிலி மாறுவதில் நியாயம் இருக்கிறது. மின்பிறப்பாக்கி, குளிரூட்டி, இரவுக் காவல் எல்லாவற்றையும் தனியாகச் சுமப்பது பெருஞ்செலவு. 2022 இன் மின்வெட்டைக் கண்ட நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. எனக்கு உறுத்துவது வேறு. பொறுப்பையும் சேர்த்து வாடகைக்கு விட்டுவிட்டதாக நிறுவனங்கள் நினைத்துக்கொள்கின்றன.

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு நிலையம் எரிந்தது. காப்புப் பிரதிக்கென்று தனியாகப் பணம் கட்டிய வாடிக்கையாளர் ஒருவர் நீதிமன்றம் போனார். அவருடைய பிரதிகளும் அதே கட்டடத்திலேயே இருந்திருக்கின்றன. 2023 இல் அவருக்கு நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பானது. தரவு திரும்பவில்லை.

அதே ஆண்டு ஒகஸ்டில் நம் நாட்டிலும் இது நடந்தது. அரச நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் லங்கா அரச முகிலின் மின்னஞ்சல் சேவையைக் கப்பக் கும்பலொன்று பூட்டியது. இணைப்பிலிருந்த காப்புப் பிரதியும் சேர்ந்து பூட்டப்பட்டது. தனியே எடுத்துவைத்த பிரதி இல்லை. மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின. பாதிக்கப்பட்டவை சுமார் 5,000 கணக்குகள். அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம்.

சுப்பர்மார்க்கட் ஒருநாள் மூடினால் பால்மா வாங்க வேறு கடைக்குப் போகலாம். இடம்பெயர்வில் உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தொலைத்தவருக்கு, கச்சேரியிலோ பிரதேச செயலகத்திலோ உள்ள பதிவுதான் மிஞ்சிய ஒரே சாட்சி. காணாமல் ஆக்கப்பட்டவர் பற்றிய கோப்புக்கும் இதே நிலைதான். இந்தப் பதிவுகளும் மெல்ல மெல்லக் கணினிக்குள் போகின்றன. 2009 இல் ஷொப்பிங் பையில் பத்திரங்களைச் சுற்றிக்கொண்டு ஓடிய சனத்துக்கு ஒரேயொரு பிரதியின் பெறுமதி தெரியும். கொழும்பில் ஒப்பந்தம் எழுதுபவர்களுக்கு அது தெரியுமா என்பதுதான் என் சந்தேகம்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதைக் கேட்கலாம். பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சிலவற்றை மறுப்பார்கள். அதற்காகக் கேட்காமல் விடக்கூடாது. நம் பிரதேச செயலகத்தின் பதிவுகளுக்கு எத்தனை பிரதிகள் உண்டு? அவற்றில் வேறு ஊரில், இணைப்பில் இல்லாமல் இருப்பது எத்தனை? அந்தப் பிரதியிலிருந்து மீட்டெடுக்க முடிகிறதா என்று கடைசியாக எப்போது சோதித்தார்கள்?