சுருதிக்குத் தலைவர் யார்?

டிஜிட்டல் பியானோ வந்தபின் ஆலயத்தில் சுருதிப் பிணக்கு ஒழிந்ததென மகிழ்வோர் பலர். ஒழியவில்லை, பொத்தான்களுக்குள் ஒளிந்துகொண்டது.

வாங்கிய நாளில் அக்கருவியின் 'ஏ' சுரம் வினாடிக்கு 440 அதிர்வுகளில் நிற்கும். 1939இல் இலண்டன் மாநாடொன்று பரிந்துரைத்து, பின்னர் உலகத் தரமான எண் அது, மறைநூல் வாக்கன்று. பக்கத்தில் பழைய ஆர்மோனியம் 437இல் ஒலித்தால், இரண்டும் சேரும்போது வினாடிக்கு 3 முறை ஒலி எழுந்து தாழ்ந்து நடுங்கும். ஆர்மோனியத்தின் நாக்குகளைச் சுரண்டித் திருத்துவது கைதேர்ந்தவர் வேலை. பியானோவிலோ 'டியூனிங்' அமைப்பைத் திறந்து 437க்கு இறக்க ஒரு நிமிடம் போதும். ஆயினும் நாம் செய்வதென்ன? பொய்ச்சுருதி என்று பழி சுமத்தி ஆர்மோனியத்தைப் பரணில் ஏற்றுகிறோம்!

இதனினும் நுட்பமானது 'டெம்பரமெண்ட்' எனும் அமைப்பு. கருவி இயல்பாகப் பின்பற்றுவது, ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கும் முறை. எந்தச் சுருதிக்கும் தாவலாம் என்பது அதன் வசதி. அந்தர காந்தாரம் தன் இயல்பான இடத்தைவிட ஏறி நிற்பது அதன் விலை. அரைச்சுர இடைவெளியை நூறு பங்காக்கினால் ஏற்றம் ஏறத்தாழ 14 பங்கு. இதைக் கேட்க நம் மக்களுக்குக் காது ஏது என்பாரும் உளர். தம்புராவின் மந்தரத் தந்தியில் தானாக எழும் அந்தர காந்தாரத்தைக் கேட்டு வளர்ந்த மண்ணில் இப்படியொரு கேள்வியா? துணைக்கருவியின்றிப் பாடும் குழு தன்னையறியாமல் அத்தூய காந்தாரத்தை நாடுவதுண்டு. பியானோ நுழைந்ததும் அதைப் பிடித்து மேலே இழுக்கிறது.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், 1917இல் வெளியான 'கருணாமிர்த சாகரத்தில்', சம இடைவெளிகளுக்காகத்தானே வாதாடினார் எனலாம். ஆம், ஆனால் அவர் கேட்டும் கணக்கிட்டும் வாதாடினார். நாமோ தொழிற்சாலை அனுப்பியதைக் கேளாமலே ஏற்றோம்.

தூய சுருதி முறை எல்லாப் பாடலுக்கும் ஆகாது. ஒரே சுருதியில் தொடங்கி முடியும் எளிய பாடலுக்குப் பொருந்தும். அதற்கும் அடிச்சுரம் எதுவெனக் கருவிக்குச் சொல்லவேண்டும். நடுவில் சுருதி மாறும் பாடலுக்குச் சம முறையே நன்று. இதைத் தீர்மானிக்கவேண்டியது செவி.

'டிரான்ஸ்போஸ்' பொத்தானை மட்டும் யாவரும் அறிவர். அதுவும் பெரும்பாலும் முன்நின்று பாடுபவரின் குரல் மின்னவே ஏற்றப்படுகிறது. எட்டாத சுருதியில் முதியோரும் ஆண்களும் வாய்மூடி நிற்பர். இறைமக்கள் முழுமையாகப் பங்கேற்பதையே 1963ஆம் ஆண்டின் திருவழிபாட்டுச் சாசனம் தலையாய நோக்கமாகக் கொண்டது. ஆகவே பங்குத்தந்தையரிடம் ஒன்று கேட்கிறோம்: வரும் சனிக்கிழமைப் பயிற்சியில் கருவியை அணைத்துவிட்டுக் குழுவைப் பாடச் சொல்லுங்கள். அவர்கள் நிற்கும் சுருதியைக் குறித்துக்கொண்டு, பிறகு பியானோவைத் திறக்கட்டும்.