விரல் நுனியில் ஓர் எண்

மாணவர்களே, 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள். நெம்மேலியிலுள்ள என் உறவினர் பதற்றத்துடன் தொலைபேசியில் அழைத்தார். மருந்துக்கடையில் வாங்கிவந்த பல்ஸ் ஆக்சிமீட்டர் பாட்டியின் விரலில் 86 காட்டுகிறதாம். பாட்டியோ கருவியை மாட்டிக்கொண்டே வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்! கையை ஒரு நிமிடம் ஆடாமல் மடியில் வைக்கச் சொன்னேன். எண் 97க்கு ஏறியது. "எப்படிப் பார்ப்பதென்று கடையில் சொல்லவில்லையா?" என்றேன். "கூட்டத்தில் யார் சொல்வார்கள்?" என்றார்.

இக்கருவி விரலினூடே இருவகை ஒளியைச் செலுத்துகிறது: ஏறத்தாழ 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளி, 940 நானோமீட்டர் அகச்சிவப்பொளி. ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபின் அகச்சிவப்பொளியை மிகுதியாக உறிஞ்சும். ஆக்சிஜன் இழந்தது சிவப்பொளியை மிகுதியாக உறிஞ்சும். சதையும் எலும்புங்கூட ஒளியை உறிஞ்சுமே, தமனி இரத்தத்தை மட்டும் எவ்வாறு பிரித்தறிவது? நாடி துடிக்கும்போது மாறுகின்ற பகுதியை மட்டும் கணக்கிலெடுத்தால் போதும். ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி 1974இல் கண்ட வழி இது. விரல் ஆடினால் கருவி அந்த ஆட்டத்தையும் துடிப்பென்று எண்ணி ஏமாறும். கருமையான நகப்பூச்சும் தவறான எண் தரலாம். கருநிறத் தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு எச்சரித்தது. இது நமக்கும் கவலைக்குரியதே.

ஊரடங்கின்போது மருந்துக்கடைகள் நன்றாகவே தம்மை மாற்றிக்கொண்டன. வாசலில் வட்டம் போட்டன, கயிறு கட்டின. 2020 மார்ச் 26இல் மத்திய அரசு, அதே மாவட்டத்துக்குள் மருந்தை வீட்டிற்கே கொண்டுசென்று தர அனுமதித்தது. அதே நாளில் ஹைட்ராக்சிகுளோரோகுயினை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது, விற்றால் பதிவேட்டில் எழுதவேண்டும் என்றும் கடுமை காட்டியது. மாத்திரைக்கு இத்தனை கட்டுப்பாடு. கருவிக்கோ, காசைக் கொடுத்தால் பெட்டி கைக்கு வரும்!

மருந்தாளுநர் நோயாளிக்கு விளக்கமளிக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் விதிமுறைகளே கூறுகின்றன. நெருக்கடியில் அப்பணியைத்தான் முதலில் கைவிட்டோம் என்பது என் கருத்து. வரிசை தெருமுனைவரை நிற்கையில் ஒருவர் எத்தனை பேருக்குப் பேசமுடியும் என்பீர்கள். நியாயமே. ஆனால் கருவியோடு ஐந்து வரித் தமிழ்ச் சீட்டு ஒன்றை வைத்துக்கொடுக்க எவ்வளவு நேரமாகும்? சிலருக்கு மூச்சுத்திணறல் தெரியாமலே ஆக்சிஜன் குறைந்ததுண்டு. ஆகவே சரியாக அளந்தும் 94க்குக் கீழேயே நின்றால் மருத்துவரிடம் விரையவேண்டும் என்பது அதில் முதல் வரியாக இருக்கவேண்டும்.

அளக்கும்போது வெற்றிலை இடிக்கலாகாது என்று ஆறாவது வரியும் சேர்க்கச் சொல்கிறார் என் உறவினர்.