குளியலறைத் தரையைக் காலுக்காகத் திட்டமிடுவோம்

அறுவைச் சிகிச்சை முடிந்து ஒருவர் வீடு திரும்பும்போது கட்டில், மருந்து, பத்திய உணவு ஆகியவற்றுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறோம். குளியலறைத் தரையை நினைத்துப் பார்ப்போர் சிலரே. கீழே விழுவதால் உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் உயிரிழக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் 60 வயதைக் கடந்தோரே மிகுதி. எனவே, குளியலறைக்கு டைல்ஸ் பதிப்பதை அழகு வேலையாக மட்டும் கருதுவது தவறு. அது நோயாளியின் பாதுகாப்பைச் சார்ந்தது.

கிணற்றடியில், கொத்திய கருங்கல்லின் மீது நின்று குளித்த தலைமுறை நம்முடையது. அந்தச் சொரசொரப்பில் கால் ஊன்றி நின்றது. இன்று கே.கே. நகர் வீடுகளிலும் வாளியும் குவளையுமாகக் குளிக்கும் வழக்கம் மாறவில்லை. தரை முழுவதும் நனைகிறது. எண்ணெய்க் குளியலன்று எண்ணெயும் சீயக்காயும் சேர்கின்றன. தரை மட்டும் பளபளப்பாகிவிட்டது.

கடையில் டைல்ஸின் வழுக்காத் தன்மையைக் கேட்டால் ஆர் 9, ஆர் 10 என்று தரக்குறியீடு சொல்வார்கள். அது காலணி அணிந்து, எண்ணெய் பூசிய சரிவில் நடந்து பார்த்து அளக்கப்படுவது. வெறுங்காலுக்குச் சோப்பு நீரில் அளக்கப்படும் ஏ, பி, சி என்னும் தனி வகைப்பாடு உண்டு. அதில் சி வகையே மிகுந்த பிடிமானம் தருவது. அவ்விவரம் கிடைக்காவிடில், மாதிரி டைல்ஸில் சோப்பு நீர் ஊற்றி, கையால் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பது நலம்.

அளவும் முக்கியம். பெரிய டைல்ஸ் பதித்தால், நீர் வெளியேறும் துளையை நோக்கி நாற்புறமும் வாட்டம் விடுவது கடினம். ஓரடிக்கு மேற்படாத டைல்ஸ் வாட்டத்துக்கு எளிதில் இசையும். மிகுதியான இணைப்புக் கோடுகளும் காலுக்குப் பிடிமானம் தரும். போதிய வாட்டம் இருப்பின் நீர் தேங்காது.

தரையும் சுவரும் ஒரே நிறத்தில் அமைவது இன்றைய விருப்பம். கண்புரை உள்ளவருக்கு அங்கே தரை முடிந்து சுவர் தொடங்கும் இடம் புலப்படாது. இரண்டுக்கும் தெளிவான நிற வேறுபாடு வேண்டும். கைப்பிடிக் கம்பிகள் வரும் இடங்களையும் டைல்ஸ் பதிக்கும் முன்பே சுவரில் குறித்து, அங்கே உறுதியான கட்டுமானம் இருக்கிறதா என்று கொத்தனாரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு துளையிட்டால் டைல்ஸ் விரிசல் காணலாம். உறுதியற்ற சுவரில் பொருத்திய கம்பி, உடல் எடையைத் தாங்காமல் பெயரக்கூடும்.

சொரசொரப்பான தரையில் உப்புக் கறை படியும், தேய்த்துக் கழுவுவது சிரமம் என்பர். அது உண்மையே. பளபளப்பைச் சுவருக்கு வைத்துக்கொண்டு, தரையை வாரந்தோறும் தூரிகையால் தேய்க்கலாம். அந்த உழைப்பு, இடுப்பெலும்பு முறிந்தவரை மாதக்கணக்கில் பராமரிப்பதைவிடச் சிறிது.

வாடகை வீட்டில் வசிப்போர் டைல்ஸை மாற்ற இயலாது. அவர்கள் வழுக்காத ரப்பர் விரிப்பும் உறுதியான குளியல் நாற்காலியும் வாங்கலாம். குளித்தவுடன் தரையைத் துடைத்து உலர்த்தலாம். வீடு கட்டுவோரும் புதுப்பிப்போரும் டைல்ஸ் கடைக்குச் செல்லுமுன், வீட்டில் தளர்ந்த நடையுடையவர் யார் என்று எண்ணிப் பார்க்கட்டும். அவர் தனியே குளித்துத் திரும்பக்கூடிய தரையே நல்ல தரை.