முதற்பாகமா, இரண்டாம் பாகமா?

"முதற் பருவத்தைத் தாண்டிவிட்டோம், இனி அச்சமில்லை" என்று பி.பார்ம். வகுப்பில் சேர்ந்த நம் தம்பி தங்கையர் சிலர் சொல்லக் கேட்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

உடற்கூற்றியலும் உடலியங்கியலும் இரு பருவங்களிலும் வருகின்றன. முதற்பாகத்தில் 206 எலும்புகள், மூட்டுகள், குருதி, இதயம். எங்கும் பெயர்கள்! தமிழ்வழியில் படித்து வந்தவர்க்கு அவை மலையாகத் தோன்றும். ஆயினும் அது நினைவின் சுமையே, உருப்போட்டால் தீரும்.

இரண்டாம் பாகம் அத்தகையதன்று. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர் அளவே. மிச்சம் எங்கே போயிற்று? இரத்த அழுத்தம் தாழ்ந்தால் சிறுநீரகம் ரெனினைச் சுரப்பது எதற்காக? முதற்பாகத்தில் படித்த இதயத்தையும் குருதிக் குழாய்களையும் மறந்தவர் இங்கே திகைத்து நிற்பர்.

ஆகவே இரண்டாவதே கடினம் என்பது என் துணிபு. ஆனால் நம்மவர் தலைநிமிரக்கூடிய இடமும் அதுவே. காரணத்தைத் தாய்மொழியில் சிந்தித்துத் தெளியலாம். தெளிந்ததை ஆங்கிலத்தில் எழுதுவது பின்னர் எளிதாகும்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது முதற்பாகக் குறிப்பேட்டையும் பெட்டியில் எடுத்து வையுங்கள். திரும்பியதும் மாலைதோறும் கூடிப் படிப்போம், நானும் வருகிறேன்.