35 மதிப்பெண் ஆங்கிலம் யாருக்குப் போதும்?

"சேரிப் பிள்ளைகளுக்கு எதற்கு இவ்வளவு ஆங்கிலம்? தாய்மொழியில் ஒழுங்காகப் படித்தால் போதாதா?" கல்வி பற்றிய கூட்டங்களில் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. கேட்பவர்களில் பலர் தமிழ் மீது உண்மையான பற்றுள்ளவர்கள்தான். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது? சற்றுத் தயங்கி, ஏதாவதொரு சி.பி.எஸ்.இ. பள்ளியின் பெயரைச் சொல்வார்கள். தன் பிள்ளைக்கு ஆங்கிலம், ஊரார் பிள்ளைக்கு மொழிப்பற்று! இந்தப் பங்கீட்டில் சாதி இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

நம்மை ஆளும் காகிதங்கள் எந்த மொழியில் இருக்கின்றன என்று பாருங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது உறுப்பின்படி உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் ஆங்கிலத்தில் இயங்குகின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வழக்காடு மொழியாக வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது, அதற்காகப் போராடுவோம். அது நிறைவேறும் வரை, வன்கொடுமை வழக்கில் மேல்முறையீட்டுக்குப் போகும் நம் மக்கள், தங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் தீர்ப்பைப் பிறர் வாயால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

என் முனைவர் பட்ட ஆய்வு பஞ்சமி நிலம் பற்றியது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையும், அதையொட்டி 1892இல் வந்த அரசாணையும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. குறிப்பிட்ட காலத்துக்கு நிலத்தை விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு வெளியே விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிலங்களை மீட்கப் போராடியபோதுதான் 1994இல் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். களத்தில் நான் சந்திக்கும் பெரியவர்களுக்கு எந்த நிலம் தங்களுடையது, யார் கைக்கு எப்படிப் போனது என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் அரசாணை நகலைக் கொடுத்தால், பக்கத்தில் நிற்கும் பேரனிடம் நீட்டுகிறார்கள். அவன் பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றவன். முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை. குறை அவனுடையதல்ல.

நம் உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் எப்படி நடத்தப்படுகிறது? பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்குத்தான். பேச்சுக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் 'மெல்லக் கற்போர்' பட்டியல் தயாராகிவிடும். அந்தப் பட்டியலில் யார் வீட்டுப் பிள்ளைகள் அதிகம் என்று ஆசிரியர்களுக்கே தெரியும். அவர்கள் கையில் மெல்லிய கையேடு ஒன்று திணிக்கப்படும்: மனப்பாடப் பாடல், நான்கைந்து இலக்கண விடைகள், வரைபடம் பார்த்து வழி சொல்லும் கேள்வி. நேராகப் போ, இடப்பக்கம் திரும்பு என்று பார்க்காமல் எழுதும் பிள்ளையிடம் அதை வாய்திறந்து சொல்லச் சொல்லி யாரும் கேட்டதில்லை. 35 வந்துவிட்டால் பள்ளிக்கு நூறு விழுக்காடு தேர்ச்சி. அந்தப் பிள்ளைக்கோ கல்லூரியின் முதல் நாளிலிருந்து கடைசி பெஞ்சு, வாய்மூடிய மூன்று ஆண்டுகள். அங்கே இன்னொருவர் கேலி செய்வார்: "கோட்டாவில் வந்தது, இங்கிலீஷ்கூட வரல." பறித்துக்கொண்டவர்களே இல்லாதவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ஆங்கில வழிப் பிரிவு தொடங்கிவிட்டோமே என்று அரசு சொல்லும். ஆங்கிலமே சொல்லித்தராமல் அறிவியலையும் கணக்கையும் ஆங்கிலத்தில் நடத்தினால், இதுவரை ஒரு பாடத்தை உருப்போட்ட பிள்ளை இனி மற்றப் பாடங்களையும் உருப்போடும். பயிற்று மொழியாகத் தமிழே இருக்கட்டும். ஆங்கிலத்தை ஒரு பாடமாக, உண்மையாகவே சொல்லிக்கொடுங்கள் என்பதுதான் நம் கோரிக்கை.

நம் முன்னோடிகளுக்கு இதில் குழப்பம் இருந்ததில்லை. சாவித்திரிபாய் பூலே 1854இலேயே ஆங்கிலம் கற்கச் சொல்லிக் கவிதை எழுதினார். பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்ட அம்பேத்கர், 1936இல் சாதி ஒழிப்பு நூலை ஆங்கிலத்தில் எழுதி இந்த நாட்டின் முகத்தில் அறைந்தார். அதைத் தமிழில் கொண்டுவந்தவர் பெரியார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு இரட்டைமலை சீனிவாசனும் அமர்ந்தார். அதே சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தமிழில்தான் நடத்தினார். தமிழில் மக்களைத் திரட்டினார்கள், ஆங்கிலத்தில் அதிகாரத்தோடு வாதாடினார்கள். இரண்டும் தேவைப்பட்டன. இன்றும் தேவைப்படுகின்றன.

ஆகவே, கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உட்பட எல்லா அரசு உயர்நிலைப் பள்ளிகளிலும் ஆங்கிலத்துக்குத் தனி ஆசிரியர் வேண்டும். பேசவும் கேட்கவும் தேர்வு வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஓர் அரசாணையை, ஒரு தீர்ப்பை, ஒரு பத்திரிகைச் செய்தியைப் படித்துப் பொருள் சொல்லும் பயிற்சி வேண்டும். 'மெல்லக் கற்போர்' என்ற முத்திரையும் அந்த மெல்லிய கையேடும் ஒழிய வேண்டும்.

ஒரு காலத்தில் நாம் வேதத்தைக் கேட்டால் காதில் ஈயம் ஊற்றச் சொன்னார்கள். இன்று 35 மதிப்பெண் போட்டு அனுப்பிவைக்கிறார்கள். தேர்ச்சிச் சான்றிதழைக் காட்டி நம்மை ஏமாற்ற இனி விடக் கூடாது.